பல்லை உடைத்தவள் திருவொற்றியூரில் இருக்கிறாள்

1

போன மாதம் எங்கள் கல்யாண நாள். என் வீட்டுக்காரர் சேகர் வேலை விட்டு வந்ததும் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. வளையல்தான் என்று நினைத்து, பாழாய்ப்போன மனசு, அதற்கு எந்தப் புடவை கட்டுவது என்பது வரைக்கும் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் பல் விளக்கும் மிஷின். சார்ஜ் ஏற்றி வைத்து, பொத்தானைத் தட்டினால் தானே கிர்ரென்று சுற்றும் பிரஷ்.

“யோவ், கல்யாண நாளுக்கு எந்த ஆம்பளையாவது பிரஷ் வாங்கினு வருவானா?”

“உனுக்கு ஈறெல்லாம் ரத்தமா வருதே. இப்பிடியே போனா முன்னாடி பல்லெல்லாம் ஆடிப் பூடும்னு பல் டாக்டரம்மா சொன்னாங்களா இல்லியா? வளையல் எப்ப வேணா வாங்கிக்கலாம்மே. பல்லு வாங்க முடியுமா?”

“ஏன் முடியாது? ஏற்கெனவே ஒண்ணு வாங்கி மாட்டினுதான கீறேன்.”

அவர் சிரித்தார். எங்கள் பெண் பிரியா சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் குனிந்த தலை நிமிராமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து போவது கொஞ்ச காலமாகவே அவளுக்குப் பழக்கம். பெண் பிள்ளை பெரியவளாகிறாள், அப்படித்தான் இருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாங்கள் இருப்பது நார்வேயில், மேற்குக் கரையோரம் கப்பல் கட்டும் ஒரு சின்ன ஊரில். எண்ணூரில் பட்டறையில் வெல்டராக இருந்த சேகரை ஒரு ஏஜென்ட் இங்கே அனுப்பி வைத்தார். பிறகு நானும் பிரியாவும் வந்தோம். அப்போது அவளுக்கு ஆறு வயசு. இந்த ஊரில் வருஷம் முழுக்க மழை. தண்ணீர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நம் பக்கம் பல் விளக்குவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவிலிருந்து ரோஸ் கலர் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் தொட்டு, ஈறு கத்துகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். தேய்க்கிற வேகத்தில் வளையல் குலுங்க வேண்டும். எங்கள் தெருவில் யார் எழுந்துவிட்டார்கள், யார் இன்னும் எழவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். வலிக்காமல் விளக்கினால் அது விளக்கினதாகவே எனக்குத் தோன்றாது. பாத்திரமானாலும் பல்லானாலும் அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும்.

நார்வேக்கு வந்தும் நான் பல்பொடியை விடவில்லை. யார் ஊருக்குப் போனாலும் வாங்கிவரச் சொல்வேன். மெட்ராஸிலிருந்து வந்த டப்பா என்றால் ஒரு மாதிரி பலம்.

மிஷின் வந்த மறுநாள் காலையில் நான் என்ன செய்தேன்? பிரஷ்ஷின் தலையில் பல்பொடியை அப்பினேன். பொத்தானைத் தட்டினேன். ரோஸ் பொடி கண்ணாடி, சுவர், என் நைட்டி எல்லாவற்றிலும் தெறித்தது. விடுவேனா? வாய்க்குள் திணித்து, அது ஒரு பக்கம் சுற்ற, நான் ஒரு பக்கம் இழுக்க, முழுப் பலத்தோடு ராவினேன். என் மேல்வரிசையில் முன்பல் ஒன்று பொய்ப்பல். கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு மாட்டியிருக்கும். சனியன் பிடித்த மிஷின் அந்தக் கம்பியைப் போய்க் கவ்வியது. பல் செட் பிய்த்துக்கொண்டு வந்து, கம்பி மேலுதட்டை உள்பக்கமாகக் கிழித்துவிட்டது.

ரத்தம் என்றால் அப்படி ஒரு ரத்தம். வாஷ்பேசின் சிவந்துவிட்டது. கோபத்தில் மிஷினைச் சுவரில் அடித்தேன். அது கீழே விழுந்தும் நிற்காமல் தரையில் கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு சேகர் துண்டோடு ஓடிவந்து என் வாயை அமுக்கிப் பிடித்தார். அப்போது பிரியா கதவருகில் வந்து நின்றாள். வாய் நிறைய ரத்தத்தோடு நான், துண்டோடு அவள் அப்பா. பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையை எடுத்தாள். “டாக்டர்கிட்ட பேசணும், நீயும் வாடி கண்ணு” என்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த ஊர் மொழி எனக்குக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். வாய்க்குள் இருப்பதைச் சொல்லப் போதாது.

3

பல் டாக்டரம்மா நல்லவர். மெதுவாகப் பேசுவார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், தாடையைப் படம் எடுத்தார். படத்தில் ஒரு இடத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

“எலும்புல பழைய விரிசல் ஒண்ணு ஆறி ஒட்டியிருக்காம். இந்தப் பல்லு எப்படிப் போச்சுன்னு கேக்கிறாங்க,” என்றாள் பிரியா.

இந்த ஊரில் யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்லுவேன். குடிதண்ணீருக்காகத் தெருவில் மயிரைப் பிடித்து அடித்துக்கொண்டேன் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? அசிங்கம். அதனால், “வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு” என்றேன்.

“இப்போ உதடு?”

“பிரஷ் கிழிச்சிடுச்சின்னு சொல்லு.”

டாக்டரம்மா என்னையே பார்த்தார். புருஷனிடம் அடிவாங்குகிற பெண்கள் உலகம் முழுக்கச் சொல்லுகிற பொய் அந்த இரண்டும்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நம் ஊரில் மட்டும் என்ன? ‘கதவு இடித்துவிட்டது’ என்று சொல்லுகிறவளை நாம் நம்புகிறோமா?

அவர் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு பிரியாவிடம் கேட்க ஆரம்பித்தார். குழந்தையிடம் பேசுகிற குரலில், குனிந்து, அவள் தோளைத் தொட்டு. பிரியா முதலில் தலையை ஆட்டினாள். அப்புறம் இரண்டு மூன்று வார்த்தை சொன்னாள். அப்பா என்பதற்கு இந்த ஊரில் ‘பாப்பா’ என்பார்கள். அந்த ஒரு சொல் எனக்குப் புரிந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியதும் புரிந்தது.

வழியெல்லாம் மழை. “இன்னாடி சொன்ன அவங்ககிட்ட?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

4

மறுநாள் சேகருக்குப் போன் வந்தது. குழந்தைகள் நலனைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து. அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வீட்டில் அடி உதை இருப்பதாகச் சந்தேகம். மூன்று பேரும் வர வேண்டும், பேசிப் பார்ப்பார்கள். விஷயம் தெளிவாகாவிட்டால், தெளிவாகிற வரைக்கும் பிரியாவை வேறொரு குடும்பத்தில் தங்க வைக்கலாம். இன்னும் முடிவு எதுவும் எடுக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டாமாம். என் வயிற்றில் பெற்ற பிள்ளையை எவள் வீட்டிலோ விடுவார்களாம், நான் பயப்படாமல் இருக்க வேண்டுமாம்! அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்தது. நான் கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

“இன்னாடி சொன்ன? இன்னா சொல்லித் தொலைச்ச? வாயத் தொறக்கிறியா, இல்ல பல்ல ஒடச்சி கைல குடுக்கட்டுமா?”

கையும் ஓங்கிவிட்டேன். திருவொற்றியூரில் இருந்தபோது முதுகில் ஒன்றிரண்டு வைத்திருக்கிறேன், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இந்த ஊருக்கு வந்து ஒருநாளும் தொட்டதில்லை. பிரியா நகரவில்லை. கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கன்னத்தை மறைக்கவில்லை. தலையை மறைக்கவில்லை. வாயை மட்டும் பொத்திக்கொண்டாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பல்லை உடைப்பேன், பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன் என்பதெல்லாம் நம் தெருவில் பேச்சா? சாப்பிடாத பிள்ளைக்கும் அதுதான், கடன் கேட்டு வருகிறவனுக்கும் அதுதான், ஆசையாகக் கிள்ளுகிற மச்சானுக்கும் அதுதான். சேகர் டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது அவுட் ஆகிறவனுக்கெல்லாம் பல்லை உடைப்பார். என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதும் உடைப்பார். எவன் பல்லும் உடைந்ததில்லை. பிரியாவுக்கு மட்டும் அது வெறும் பேச்சாக இல்லை. ஏனென்றால் ஒரு பல் நிஜமாகவே உடைந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

வாயைப் பொத்திய கையை எடுக்காமலே சொன்னாள். “நான் பொய் சொல்லலம்மா. பல்லு எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க. நான் அப்போ சின்னப் புள்ள, சரியாத் தெரியாது, அப்பான்னு நெனக்கிறேன்னு சொன்னேன்.”

“அப்பாவா?”

“உன் வாயெல்லாம் ரத்தம். அப்பா துண்ட வச்சி அமுக்கினாரு. நேத்து மாதிரியே. அன்னிக்கும் அப்பாதான் பக்கத்துல இருந்தாரு.”

சேகர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார், தொடவில்லை.

“இத்தினி வருசமா அப்பிடித்தான் நெனச்சினு இருந்தியா கண்ணு?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. தண்ணீரை வீணாக்காதே என்று அன்றைக்கு நான் கத்தவில்லை.

5

நடந்தது இதுதான். இந்த ஊரில் யாருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுகிறேன், ஏனென்றால் உங்களுக்குப் புரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்து, மெட்ராஸுக்குத் தண்ணீர் தரும் ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. கைப்பம்பில் அடித்தால் மஞ்சளாக, எண்ணெய் நாற்றத்தோடு ஒரு தண்ணீர். குளிக்கக் கூட ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அதனால் வரிசையில் குடம் வைப்போம். குடத்தை வெயிலில் விட்டுப் போனால் எவனாவது தூக்கிப் போய்விடுவான் என்று குடத்துக்குப் பதிலாகக் கல் வைப்போம். அவரவர் கல் அவரவருக்குத் தெரியும். ஆனால் ஒரு சட்டம் உண்டு. லாரி வந்து ஹாரன் அடிக்கும்போது கல்லுக்குச் சொந்தக்காரி அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது வெறும் கல்.

அன்று மத்தியானம் லாரி வந்தது. என் முன்னால் இருந்தது தனம் அக்காவின் கல். நீலப் பெயின்ட் அடித்த அரைச் செங்கல். தனம் அக்கா எதிர்வீடு. மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஹாரன் அடித்தது, ஆளைக் காணோம். நான் செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு என் குடத்தை வைத்தேன். சட்டப்படிதான் வைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

மண்ணெண்ணெய் கேனை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“என் கல்ல எவடி எட்டி ஒதச்சது?”

“நான்தான். கல்லுக்கு இன்னா வாய் கீதா, தண்ணி கேக்க?”

“உன் வாய நான் தொறக்கிறேன் இருடி!”

பாய்ந்து என் கொண்டையைப் பிடித்தாள். நான் அவள் ஜாக்கெட் கையைக் கிழித்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவள் பல் என் தோளில் பதிந்தது, என் நகம் அவள் கழுத்தில் கோடு போட்டது. தாகம் எடுத்த தெரு முழுக்க சுற்றி நின்று கத்தியது. யாரும் விலக்கவில்லை, ஏனென்றால் விலக்க வந்தால் வரிசை போய்விடும். எங்கள் இரண்டு பேர் மேலும் காலை வைத்துத் தாண்டிப் போய்க் குடம் நிரப்பினார்கள். அவள் முதலில் எழுந்து தன் குடத்தைக் கொண்டுவந்து லாரி ட்யூபில் வைத்தாள். அது பாதி நிரம்புவதற்குள் நான் எழுந்து ட்யூபைப் பிடுங்கினேன். தண்ணீர் என் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு வெறி பிடித்தது. பாதி நிரம்பிய அவளுடைய எவர்சில்வர் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, முழு வீச்சில் என் வாயில் அடித்தாள்.

உலகமே வெள்ளையாகிவிட்டது. வலி வரவில்லை முதலில். வாயில் ஏதோ குறைந்தது போல இருந்தது. முன்பல் தெறித்து அவள் குடத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. சின்னதாக ‘டிங்’ என்று ஒரு சத்தம். கத்திக்கொண்டிருந்த தெரு அந்தச் சத்தத்துக்கு அடங்கியது.

யாரோ சொல்லி சேகர் வேலையிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். தோளில் கிடந்த துண்டால் என் வாயை அமுக்கினார். ஐந்து வயது பிரியா வீட்டு வாசலில் நின்று பார்த்தது அந்த நேரத்தைத்தான். அதற்கு முன்னால் நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை. அடித்தவள் என் தலைமாட்டில் உட்கார்ந்து “ஐயோ கஸ்தூரி, ஐயோ கஸ்தூரி” என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டதை பிரியா எப்படித்தான் பார்க்காமல் போனாளோ. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனது தனம் அக்காதான். போவதற்கு முன்னால் பல்லை எடுக்கக் குடத்துக்குள் கைவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“கைய உடாத, தண்ணி கலீஜாய்டும். துணில வடிகட்டு.”

வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். துணியில் பல் நின்றது, தண்ணீர் இறங்கியது. பல் திரும்ப ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், போகும்போதே தனம் அக்கா அந்தக் குடத்துத் தண்ணீரில் பாதியை என் வீட்டு அண்டாவில் ஊற்றி வைத்திருந்தாள். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் சோறு வெந்தது அதில்தான். என் ரத்தம் கலந்த தண்ணீர் என்று யாரும் கொட்டவில்லை. கொட்ட எங்களுக்கு என்ன பைத்தியமா?

6

அலுவலகத்தில் வட்டமேஜை, மெத்தை நாற்காலி, கண்ணாடி ஜாடியில் தண்ணீர். விசாரித்த அம்மா என் வயசுதான் இருப்பார். பிரியாவைப் பக்கத்து அறையில் இன்னொருவரோடு உட்கார வைத்தார்கள். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார், பெயர் மலர். அன்பான மனுஷி. ஆனால் அவர் தமிழுக்கும் என் தமிழுக்கும் நடுவிலேயே ஒரு கடல் இருக்கிறது.

சேகர் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுத் தழும்பான கை. அதை யாரும் பார்த்து எதுவும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் ஒளித்திருந்தார்.

“உங்கட பல்லை உடைச்சது ஆர் எண்டு கேக்கிறா,” என்றார் மலர்.

“ஒரு பொம்பள. எங்க எதிர்வூட்டுக்காரி.”

“ஏனாம்?”

“தண்ணிக்கு.”

மலர் மொழிபெயர்த்தார். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஏதோ கேட்டார்.

“டாக்டரிட்டை வழுக்கி விழுந்தனான் எண்டு சொன்னீங்களாம். இப்ப கதையை ஏன் மாத்திறீங்கள் எண்டு கேக்கிறா.”

என்ன சொல்லுவது? வெட்கமாக இருந்தது என்றேன். அது அந்த அம்மாவுக்கு ஏறவில்லை. வாயால் சொல்லி ஆகாது என்று தோன்றியது. எழுந்து மூலையில் இருந்த குப்பைக்கூடையைக் கையில் எடுத்தேன்.

“உக்காருமே,” என்றார் சேகர்.

“நீ சும்மா இருய்யா! இதான் கொடம். இங்க லாரி. நான் இங்க கீறேன். அவ இப்பிடி என் மயிரப் புடிச்சா. நான் இப்பிடித் திரும்பினேன். அவ கொடத்த இப்பிடித் தூக்கி...”

கூடையை வீசினேன். காகிதமெல்லாம் பறந்தது. ஜாடி சாய்ந்து மேஜை முழுக்கத் தண்ணீர். மலர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். அந்த அம்மா எழுந்து நின்றார். குப்பைக்கூடையோடு மூச்சு வாங்க நிற்கிற என்னைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. போச்சு, புருஷன் அடிக்கிறான் என்று வந்தது, இப்போது பொண்டாட்டியும் அடிப்பாள் என்று ஆகிவிட்டது. நானே என் பிள்ளையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடையைக் கீழே வைத்தேன்.

“அவளையே கேளுங்க,” என்றேன். “அவ உசுரோட கீறா. போன் போடுங்க.”

அந்த அம்மா யோசித்தார். சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனை. மலர்தான் பேச வேண்டும். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான் மனப்பாடமாகச் சொன்ன நம்பரை ஸ்பீக்கரில் போட்டார்கள். மணி அடித்தது.

“அலோ! ஆரு?”

“வணக்கம். நான் நார்வேயிலையிருந்து கதைக்கிறன். ஒரு அரசாங்க அலுவலகம். கஸ்தூரியை உங்களுக்குத் தெரியுமோ?”

“இன்னாம்மா, ரேடியோ பொட்டில பேசுற மாரி பேசுற? கஸ்தூரிக்கு இன்னா ஆச்சி?”

“அவா நல்லா இருக்கிறா. அவாவின்ரை முன்பல்லு எப்பிடி உடைஞ்சது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அந்தப் பக்கம் ஆட்டோ ஒன்று போகிற ஓசை மட்டும் கேட்டது. அரசாங்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் தெருவில் யாரும் என்ன செய்வார்களோ, தனம் அக்காவும் அதைத்தான் செய்தாள்.

“பல்லா? எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் அப்போ ஊர்லயே இல்ல.”

மலர் மொழிபெயர்த்தார். அந்த அம்மா பேனாவை எடுத்தார். சேகர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா, நான்தான் பேசுறேன், போலீஸ் கேஸ் ஒண்ணும் இல்ல என்று கத்த வாய் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். மலர் கடைசியாக ஒன்று கேட்டார்.

“அப்ப, அவாவின்ரை புருசன் அடிச்சுத்தானோ உடைஞ்சது?”

“இன்னாது?”

அந்த ஒரு சொல்லுக்கே ஸ்பீக்கர் கரகரத்தது.

“ஆரு, சேகரா? எவடி சொன்னது அப்பிடி? அந்த மனுசன் மேல பழி போட்டா வாய் அழுகிப் பூடும்! நாந்தான் ஒடச்சேன். கேட்டுக்கோ, தனலச்சுமி ஒடச்சேன். எவர்சில்வர் கொடத்தாலே ஓங்கி உட்டேன், தெறிச்சி என் கொடத்துலயே வுழுந்துச்சி. போலீசுக்குச் சொல்றியா? சொல்லு. வண்டி அனுப்பு. வூடு இங்கதான் கீது, நான் எங்கியும் ஓட மாட்டேன். அந்த ஆளு பாவம், அவ வாய துண்டால அமுக்கினு, நடு ரோட்ல ஒக்காந்து கொயந்த மாரி அயுதாரும்மா! அவர ஒரு வார்த்த சொன்னீன்னா, நான் அங்க வந்து உன் பல்லையும் ஒடச்சிடுவேன், ஆமா!”

மலர் என் பக்கம் திரும்பினார். “எல்லாம் விளங்கேல்லை,” என்றார் என்னிடம் மெதுவாக. “வேண்டியது விளங்கிச்சுது.” பிறகு அந்த அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். கடைசி மிரட்டலையும் சேர்த்தே சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அம்மா தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

“அந்தப் பெண்ணின் நம்பர் உங்களுக்கு மனப்பாடமா?” என்று மட்டும் மலர் மூலமாக என்னைக் கேட்டார்.

“ஞாயித்துக்கெயம ஆனா பேசுவோம்,” என்றேன்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. தனம் அக்காவின் குரலுக்குச் சுவர் எம்மாத்திரம்? வாசலில் பிரியா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அவள் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் கையை விட்டு அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

7

பிரியா எங்களோடுதான் இருக்கிறாள். இன்னும் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து அறையில் பிரியா சொன்னதைக் கேட்டுவிட்டு அலுவலகத்து அம்மா ஒன்று சொல்லி அனுப்பினார். விளையாட்டாகக்கூடக் குழந்தையிடம் பல்லை உடைப்பேன் என்று சொல்லக் கூடாது. குழந்தை அதை நம்பியிருக்கிறது. நான் சரி என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு அவள் நின்ற நிலை கண்ணை விட்டுப் போனால்தானே வேறு எதுவும் சொல்ல?

பல் டாக்டரம்மாவும் மிஷினைப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார். பல்பொடி கூடாது. அழுத்தக் கூடாது. சும்மா வைத்தால் போதும், அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சொன்னபடி செய்கிறேன். ஈறில் ரத்தம் குறைந்திருக்கிறது, மீதிப் பல் தங்கும் என்கிறார். அழுத்தாமல் ஒரு காரியம் செய்வது என்பது எனக்கு எத்தனை கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தனம் அக்காவுக்கும் இதே போல ஒன்று வாங்கி அனுப்பலாம் என்றார் சேகர். “எனுக்கு இன்னாத்துக்கு? கரண்டு இருந்தாத்தான?” என்று அவள் போனில் சிரித்தாள்.

வீடுதான் அமைதியாகிவிட்டது. நான் திட்டுவதில்லை. திட்ட வாய் எடுத்தால் பாதியில் மூடிக்கொள்ளுகிறேன். சேகர் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். மூன்று பேரும் விருந்தாளி வீட்டில் இருப்பது போல நடந்துகொண்டிருந்தோம்.

போன வாரம் காலையில் பிரியா பல் விளக்கிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்து கிடந்தது. தண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது, இவள் பாட்டுக்குக் கண்ணாடி பார்த்துத் தேய்க்கிறாள். எத்தனை வருஷமாகச் சொல்லுகிறேன்! கதவில் சாய்ந்து நின்றேன். நாக்கு நுனி வரை வந்ததைப் பல்லைக் கடித்து அடக்கினேன். ஓடுகிற தண்ணீரை மட்டும் பார்த்தேன்.

கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் பேசவில்லை. அவளே குழாயை மூடிவிட்டு, வாயில் நுரையோடு திரும்பினாள். இந்த ஊருக்கு வந்தபிறகு என் பேச்சுக்கு வெட்கப்பட்டு, ‘கீது’, ‘கீறேன்’ என்று ஒரு வார்த்தை பேசாத பெண் அவள்.

“சொல்லும்மா,” என்றாள். “ஒடச்சிடுவேன்னு சொல்லு. நீ கம்முனு நின்னாதான் பயமா கீது.”

கதவிலிருந்து நிமிர்ந்தேன்.

“பல்ல ஒடச்சி கைல குடுத்துடுவேன்டி,” என்றேன்.

அவள் ஒரே ஒரு வாய்த் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, குழாயை இறுக்க மூடினாள்.